மறுப்பு அறிக்கையும் மறுநாள் ஒப்புதலும்: நிறுவனங்களின் நற்பெயர் எங்கே உடைகிறது?

2019 அக்டோபர் கடைசி வாரத்தில், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினிகளுக்குள் மால்வேர் எனப்படும் தீம்பொருள் புகுந்துவிட்டதாகச் சமூக ஊடகங்களில் பேச்சு பரவியது. அக்டோபர் 29 அன்று நிலையத்தின் தகவல் அதிகாரி பெயரில் ஒரு குறிப்பு வெளியானது. பரவுவது பொய்த் தகவல் என்றும், நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி இணையத்தோடு தொடர்பில்லாமல் தனித்து இயங்குபவை என்றும், அவற்றின் மீது இணையவழித் தாக்குதல் நடத்த இயலாது என்றும் அது கூறியது. மறுநாளே, நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம் வேறோர் அறிக்கை வெளியிட்டது. தீம்பொருள் கண்டறியப்பட்டது உண்மைதான். கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் அதைச் செப்டம்பர் 4 அன்றே தெரிவித்திருந்தது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பில் இருந்த ஒரு கணினி. அந்த வலையமைப்பு முக்கியமான உள்வலையமைப்பிலிருந்து பிரித்தே வைக்கப்பட்டிருப்பது. நிலைய இயக்கம் பாதிக்கப்படவில்லை என்றது அந்த அறிக்கை.

ஒரே நிகழ்வைப் பற்றி அடுத்தடுத்த இரண்டு நாள்களில் இரண்டு குரல்கள் ஒலித்ததைப் பார்த்தவர்களுக்கு எழுந்த குழப்பம் இயல்பானது. இது அணுமின் நிலையத்துக்கு மட்டும் உரிய சிக்கலும் இல்லை. வங்கி, மருத்துவமனை, சிமெண்ட் ஆலை, ஜவுளிக் கடை என எங்கும் ‘முதலில் மறுப்பு, பிறகு விளக்கம், கடைசியில் ஒப்புதல்’ என்ற வரிசையை அடிக்கடி காண்கிறோம். இதைப் பொதுவாக மக்கள் தொடர்புத் துறையின் தவறாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் பெரும்பாலான சமயங்களில் கோளாறு அதற்கு வெகு முன்னதாக, நிறுவனத்துக்குள்ளே தகவல் நடக்கும் பாதையில் நேர்ந்திருக்கும்.

அடிப்படைச் சொற்கள்

நற்பெயர் என்பது, ஒரு நிறுவனம் அடுத்து எப்படி நடந்துகொள்ளும் என்று பிறர் வைத்திருக்கும் எதிர்பார்ப்பு. வாடிக்கையாளர், கடன் கொடுத்த வங்கி, பங்குதாரர், அக்கம்பக்கத்து ஊர்க்காரர், அங்கே வேலைக்குப் போக நினைக்கும் இளைஞர் என ஒவ்வொருவருக்கும் அந்த எதிர்பார்ப்பு தனித்தனி. ஆகவே ஒரு நிறுவனத்துக்கு ஒரே ஒரு நற்பெயர் இருப்பதில்லை. பங்குச் சந்தையில் மதிப்போடு பேசப்படும் நிறுவனமே தன் ஆலை இருக்கும் கிராமத்தில் வேறு விதமாகப் பேசப்படலாம். விளம்பரம் என்பது நிறுவனம் தன்னைப் பற்றித் தானே சொல்வது என்பதால், அது நற்பெயரில் சேராது.

இந்த நற்பெயரின் விலையைக் கணக்கேட்டில் தேடினால் கிடைக்காது. இந்தியக் கணக்கியல் தரநிலை 38-இன்படி, ஒரு நிறுவனம் தானே வளர்த்துக்கொண்ட நற்பெயரைச் சொத்தாகக் காட்ட முடியாது. இன்னொரு நிறுவனத்தை விலைக்கு வாங்கும்போது, அதன் நிகரச் சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த தொகைதான் ‘குட்வில்’ என்று இருப்புநிலைக் குறிப்பில் ஏறுகிறது. எனவே பெயர் மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருக்கும் ஆண்டுகளில்கூடக் கணக்கேடு எந்த எச்சரிக்கையும் தராது.

உள்தகவல் தொடர்பு என்பது நிறுவனத்துக்குள் செய்தி நடக்கும் வழி. அதற்கு மூன்று திசைகள் உண்டு. மேலிருந்து கீழே வருவது உத்தரவு, சர்க்குலர், நோட்டீஸ் போர்டில் ஒட்டும் அறிவிப்பு. பக்கவாட்டில் நடப்பது ஒரு துறை இன்னொரு துறைக்குச் சொல்வது. கீழிருந்து மேலே போவது குறை, எச்சரிக்கை, கெட்ட செய்தி. முதல் திசைக்குத்தான் நிறுவனங்கள் பணத்தையும் ஆட்களையும் ஒதுக்குகின்றன. மாத இதழ், வாட்ஸ்அப் சானல், ஆண்டு விழாக் காணொளி எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். பெயரைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் மூன்றாவது திசை. அதைப் பெரும்பாலும் யாரும் பராமரிப்பதில்லை.

அறிந்தவருக்கும் பேசுபவருக்கும் இடையே உள்ள தூரம்

திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் இருக்கும் இருட்டுக்கடை என்ற அல்வாக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மாலையில் மங்கிய விளக்கொளியில் வியாபாரம் நடக்கும். விளம்பரம் இல்லாமல் பெயர் வளர்வதற்கு உதாரணமாக அதை எல்லோரும் சொல்வார்கள். அந்த உதாரணத்தில் பலர் கவனிக்காதது வேறொன்று. அத்தகைய கடையில் பதம் தவறியது யாருக்குத் தெரியுமோ அவருக்கும், அன்றைக்கு விற்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பவருக்கும் இடையே சில அடி தூரமே இருக்கும். சந்திப்புப் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரே பெயரை முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டு எத்தனை அல்வாக் கடைகள் வந்தாலும், பெயரைக் கடன் வாங்கிய கடைகளால் இந்தக் குறுகிய தூரத்தைக் கடன் வாங்க முடிவதில்லை.

திருநெல்வேலிக்கு அருகே கங்கைகொண்டான் சிப்காட் வளாகத்தில் இயங்கும் ஓர் ஆலையை எண்ணிப் பாருங்கள். இரவு ஷிப்டில் ஒரு கோளாறு நேர்கிறது. கண்டவர் ஒப்பந்தத் தொழிலாளி. அவருடைய மேற்பார்வையாளர் ஒப்பந்தக்காரரின் ஆள். ஆலை மேலாளர் காலையில்தான் வருவார். தலைமை அலுவலகம் சென்னையிலோ மும்பையிலோ இருக்கிறது. பத்திரிகையாளருக்குப் பதில் சொல்பவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். பல சமயங்களில் அவர் அந்த நிறுவனத்தின் ஊழியரே இல்லை, மக்கள் தொடர்பு முகமை ஒன்றின் ஆள். கண்டவருக்குத் தமிழ் தெரியும், அல்லது ஒடியாவோ இந்தியோ தெரியும். அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. கோளாறைக் கண்ட கண்ணுக்கும் அறிக்கை எழுதும் கைக்கும் இடையே ஐந்தாறு மனிதர்கள், இரண்டு மூன்று மொழிகள், அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். மறுப்பு அறிக்கை பொய்யாகிப் போவது இந்த இடைவெளியில்தான். எழுதியவர் பொய் சொல்ல நினைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கெட்ட செய்தி மேலே ஏறும்போது

தகவல் மேலே போகப்போக அது இயல்பாகவே மெலிகிறது. அதன் படிகள் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

1. கண்டவர், ‘வால்வு கசிகிறது, மூன்று நாளாகச் சொல்கிறேன்’ என்கிறார்.
2. மேற்பார்வையாளர், ‘மூன்று நாளாக’ என்பதை விட்டுவிடுகிறார். ஏனென்றால் அந்த மூன்று நாளும் அவர் பொறுப்பில் இருந்தவை.
3. பிரிவு மேலாளர், ‘சிறு கசிவு கவனிக்கப்பட்டது, சரிசெய்யும் பணி நடக்கிறது’ என்று எழுதுகிறார். நடக்கிறதா என்று அவர் நேரில் போய்ப் பார்த்திருக்க மாட்டார்.
4. ஆலைத் தலைவரின் வார அறிக்கையில் அது பராமரிப்புப் பணிகளின் பட்டியலில் ஒரு வரி.
5. செய்தித் தொடர்பாளரிடம் வரும்போது அது, ‘அசம்பாவிதம் எதுவும் இல்லை’.

ஒவ்வொருவரும் ஒரு சொல்லைத்தான் மாற்றியிருக்கிறார். யார் மீதும் பொய் சொன்னார் என்று குற்றம் சுமத்த முடியாது. இது ஊழியர்களின் குணக்கேடு என்று எடுத்துக்கொள்வது தவறு. கெட்ட செய்தி கொண்டுவருபவருக்கு என்ன நேர்கிறது என்பதை எல்லா ஊழியரும் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவரை ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் மேலாளர் ஏசிவிட்டால், அந்தத் துறையிலிருந்து அடுத்த ஓராண்டுக்கு நல்ல செய்தி மட்டுமே வரும்.

விண்வெளித் துறையில் இதற்கு ஒரு கொடிய சான்று இருக்கிறது. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். குளிரில் ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காமல் போகலாம் என்று அதைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் முந்தைய இரவே எச்சரித்திருந்தனர். அந்த எச்சரிக்கை, ஏவுவதற்கு இறுதி ஒப்புதல் தந்தவர்களைச் சென்று சேரவில்லை என்பதை விசாரணை ஆணையம் பதிவு செய்தது. அங்கே அறிவு இருந்தது, துணிவும் இருந்தது. வழி இல்லை.

கூடங்குளக் குறிப்பை மறுபடி படித்தால்

இந்தப் பின்னணியோடு 2019-இன் இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் படிப்பது பயனுள்ளது. ‘பொய்த் தகவல்’ என்ற சொல்லைத் தள்ளிவைத்துவிட்டுச் சற்றுக் கூர்ந்து பார்த்தால், இரண்டும் ஒன்றையொன்று நேரடியாக மறுப்பதில்லை. முதல் குறிப்பு பேசியது கட்டுப்பாட்டு அமைப்புகளைப் பற்றி. இரண்டாவது ஒப்புக்கொண்டது நிர்வாக வலையமைப்பில் இருந்த கணினியைப் பற்றி. இரண்டு வலையமைப்புகளும் தனித்தனியானவை என்று கழகம் கூறுவதை ஏற்றால், இரண்டு அறிக்கைகளும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். அப்படியானால் நம்பிக்கை ஏன் குறைந்தது?

ஏனென்றால் மக்கள் கேட்ட கேள்வி, ‘நிலையத்தின் கணினிகளுக்குள் ஏதாவது புகுந்ததா?’ என்பது. முதல் குறிப்பு பதில் சொன்னது, ‘அணு உலையை இணையம் வழியாகக் கைப்பற்ற முடியுமா?’ என்ற வேறு கேள்விக்கு. கேட்ட கேள்வியைச் சற்று நகர்த்திவிட்டு, நகர்த்திய கேள்விக்கு உறுதியான பதில் தருவதைச் செய்தித் தொடர்புத் துறையில் திறமை என்று கருதுபவர்கள் உண்டு. என் பார்வையில் அதுவே ஆகக் கூடுதலான சேதம் விளைவிக்கும் பழக்கம். உண்மை பின்னால் வெளியே வரும்போது, வாசகர் அந்த நுணுக்கமான வேறுபாட்டை நினைவில் வைத்திருக்க மாட்டார்; ‘பொய் என்றார்கள், மறுநாள் உண்மை என்றார்கள்’ என்பதே நிற்கும்.

இன்னொரு செய்தி தேதிகளில் இருக்கிறது. செப்டம்பர் 4-க்கும் அக்டோபர் 29-க்கும் இடையே ஏழு வாரங்களுக்கு மேல் ஆகிறது. அந்தக் காலத்தில் அமைப்பின் ஏதோ ஒரு பகுதிக்கு உண்மை தெரிந்திருந்தது, வல்லுநர்கள் ஆராய்ந்திருந்தார்கள். தகவல் அதிகாரியின் மேசைக்கு அது வந்திருந்தால், அந்தக் குறிப்பை அவ்வாறு எழுதியது ஒரு முடிவு. வந்திருக்கவில்லையென்றால், பேசும் பொறுப்பில் இருப்பவரை அறியாமையில் வைத்தது ஓர் ஏற்பாடு. இரண்டில் எதுவானாலும் கோளாறு உள்தகவல் தொடர்பில்தான்.

சுற்றுவட்டாரத்தின் நினைவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நேர்ந்த விபத்துக்குப் பிறகு, இடிந்தகரையில் மக்கள் நீண்ட காலம் போராடிய இடம் இது. கூடங்குளம் அமைந்த ராதாபுரம் வட்டாரத்தில் அணுமின் நிலையம் பற்றி வெளியாகும் எந்த அறிக்கையும் வெற்றுத் தாளில் எழுதப்படுவதில்லை. பழைய கேள்விகள் ஏற்கெனவே அதில் எழுதப்பட்டிருக்கின்றன. கட்டுப்பாட்டு அறைக்கும் அலுவலகக் கணினிக்கும் உள்ள வேறுபாட்டை அமைதியான நாளில், உள்ளூர்த் தமிழில், முன்கூட்டியே விளக்கியிருந்தால் அது ஒரு செய்தியாகியிருக்கும். பதற்றத்தின் நடுவே சொன்னதால் அது சாக்காகக் கேட்டது.

ஆலை வாசலும் ஊரும்

ஆலைக்குள் நடப்பது வேறு, ஊரில் ஆலைக்கு இருக்கும் பெயர் வேறு என்று நெல்லைச் சீமையில் யாராலும் எளிதில் பிரித்துவிட முடிந்ததில்லை. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. தூத்துக்குடி அன்று திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. கூலி, ஓய்வு நாள், வேலை நேரம் என்று மில்லுக்குள் இருந்த குறைகளே தொடக்கம். ஆனால் மில்லை நிர்வகித்த ஹார்வி நிறுவனத்தாரே, வ.உ.சி. 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்குப் போட்டியாக இருந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்கும் முகவர்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர் பக்கம் நின்றபோது ஊரும் சேர்ந்துகொண்டது. சில நாள்களில் நிர்வாகம் இறங்கிவந்தது. சம்பளப் பட்டியலில் இருந்த குறை, கடைத்தெருவில் நிறுவனத்தின் பெயராக மாறுவதற்கு அன்று கைப்பேசி தேவைப்படவில்லை.

நம் காலத்து உதாரணமான ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் வரலாற்றைத் தேதிகளாகவே சொல்லிவிடலாம். 2013-இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் பாதிப்புக்காக 100 கோடி ரூபாய் செலுத்த உத்தரவிட்டது. 2018 மே 22 அன்று நடந்த போராட்டத்தின்போதும் மறுநாளும் காவல்துறை சுட்டதில் 13 பேர் உயிரிழந்தனர். மே 28 அன்று ஆலையை நிரந்தரமாக மூட மாநில அரசு ஆணையிட்டது. 2024 பிப்ரவரி 29 அன்று நிறுவனத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மூடுவது முதல் தெரிவாக இருக்கக் கூடாது என்றாலும், திரும்பத் திரும்ப நேர்ந்த மீறல்களால் வேறு வழி இல்லை என்ற பொருள்பட அது கூறியது. இந்த வரிசையில் செய்தித் தொடர்புத் துறை சரிசெய்திருக்கக்கூடிய பகுதி மிகக் குறைவு. நடத்தையால் கெட்ட பெயரை வார்த்தையால் மீட்க முடியும் என்று சொல்லி விற்கப்படும் ஆலோசனைகளை இந்த ஒரு வரலாறே போதுமான அளவுக்குச் சந்தேகிக்க வைக்கிறது.

மேலாண்மைப் பாடநூல்கள் இதற்கு மாறாக எப்போதும் 1982-இன் டைலினால் என்ற வலிநிவாரணி மாத்திரை நிகழ்வையே காட்டும். சிகாகோ பகுதியில் யாரோ விஷம் கலந்த மாத்திரைகளை உட்கொண்டு ஏழு பேர் இறந்தபோது, ஜான்சன் அண்ட் ஜான்சன் ஏறக்குறைய 3 கோடியே 10 லட்சம் குப்பிகளைத் திரும்பப் பெற்றது, பெயரும் மீண்டது. பாராட்டத்தக்க செயல்தான். ஆனால் அங்கே நஞ்சு கலந்தவர் வெளியாள். நிறுவனமும் பாதிக்கப்பட்ட தரப்பு. தன் தவறால் சிக்கலில் மாட்டிய நிறுவனம் அந்த உதாரணத்தைப் பின்பற்ற முயல்வது, பரிசோதனை செய்யாமல் அடுத்தவருடைய மருந்துச் சீட்டை வாங்கிச் சாப்பிடுவதுபோல.

சட்டம் வைத்திருக்கும் கடிகாரம்

முன்பெல்லாம் நிறுவனங்கள் நாள்கணக்கில் யோசித்துப் பதில் சொல்லலாம். இப்போது சில விதிகள் மணிக்கணக்கில் பேசுகின்றன.

1. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் முக்கிய நிகழ்வுகளை வெளியிட வேண்டும் என்பது, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகளில் 30-ஆம் விதி. 2023-இல் வந்த திருத்தத்தின்படி, நிறுவனத்துக்குள் உருவான நிகழ்வு என்றால் 12 மணி நேரம். வெளியிலிருந்து வந்தது என்றால் 24 மணி நேரம்.

2. ஊடகங்களில் வரும் வதந்தியால் பங்கின் விலை குறிப்பிடத்தக்க அளவு அசைந்தால், அதை 24 மணி நேரத்துக்குள் உறுதிசெய்யவோ மறுக்கவோ தெளிவுபடுத்தவோ வேண்டும். மதிப்பில் முதல் 100 நிறுவனங்களுக்கு 2024 ஜூன் 1 முதலும், முதல் 250 நிறுவனங்களுக்கு 2024 டிசம்பர் 1 முதலும் இது பொருந்துகிறது. ‘ஊகங்களுக்கு நாங்கள் பதில் சொல்வதில்லை’ என்ற பழைய வாக்கியம் இவர்களுக்கு இனி உதவாது.

3. கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களை, கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். இது 2022 ஏப்ரல் 28 அன்று வெளியான உத்தரவு. கூடங்குள நிகழ்வுக்குப் பிறகு வந்தது.

இவற்றின் விளைவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரவு 10 மணிக்கு ஒரு நிகழ்வு நேர்ந்து, ஆலைக்குள் செய்தி மேலே ஏற ஒன்றரை நாள் ஆகுமானால், 12 மணி நேர விதியை அந்த நிறுவனம் மீறியே தீரும். சட்டப் பிரிவில் எத்தனை வழக்கறிஞர்கள் இருந்தாலும் மாறாது. ஆகவே உள்தகவல் பாதையின் நீளம் இன்று சட்ட இணக்கத்துக்குரிய விஷயம் ஆகிவிட்டது.

வங்கித் துறையில் இந்தக் கடிகாரம் இன்னும் வேகமாக ஓடுகிறது. 1921-இல் நாடார் வங்கியாகத் தூத்துக்குடியில் தொடங்கி, 1962-இல் பெயர் மாறிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, 2022 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில், சென்னையைச் சேர்ந்த ஒரு வாடகைக் கார் ஓட்டுநரின் கணக்கில் அந்த வங்கியிலிருந்து தவறுதலாக 9,000 கோடி ரூபாய் வரவானது. அவர் அதை மோசடிக் குறுஞ்செய்தி என்று நினைத்து, சோதித்துப் பார்க்க நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்பினார், பணம் போனது. சற்று நேரத்தில் வங்கி எஞ்சிய தொகையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஆனால் கதையை ஊருக்குச் சொன்னவர் வாடிக்கையாளர். அந்த மாத இறுதியில் நிர்வாக இயக்குநர் தனிப்பட்ட காரணங்களைக் குறிப்பிட்டுப் பதவி விலகியபோது, செய்திகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே வெளியாயின. தவற்றைச் சில நிமிடங்களில் சரிசெய்த ஒரு நிறுவனம்கூட, அதைப் பற்றி முதலில் பேசும் வாய்ப்பை இழந்தால் விளக்கம் சொல்லும் இடத்தில்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

‘முதலில் உள்ளே சொல்லுங்கள்’ என்பதற்கு உள்ள வரம்பு

வெளியாருக்குச் சொல்லும் முன் ஊழியருக்குச் சொல்ல வேண்டும் என்பது இந்தத் துறையின் பொன்விதியாகச் சொல்லப்படுகிறது. நியாயமான விதிதான். தன் நிறுவனத்தைப் பற்றித் தொலைக்காட்சியில் தெரிந்துகொள்ளும் ஊழியர், அன்று மாலை பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும்போது ‘எனக்கென்ன தெரியும்?’ என்று சொல்வார். அந்த ஒரு பதில் பத்து விளம்பரங்களைச் செல்லாக்காசு ஆக்கும். ஆனால் சில செய்திகளில் சட்டம் இந்த விதிக்குக் குறுக்கே நிற்கிறது.

தாழையூத்தில் 1949-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ் ஆலையை எடுத்துக்கொள்ளலாம். அதைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புக்குச் சங்கர் நகர் என்று பெயர். நிறுவனர்களில் ஒருவரான சங்கரலிங்க ஐயரின் நினைவு அது. ஒரு நிறுவனத்தின் பெயர் ஊரின் பெயருக்குள் இந்த அளவு கலந்திருக்கும் இடங்கள் குறைவு. 2024 ஜூலை 28, ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்று, அல்ட்ராடெக் நிறுவனம் இந்தியா சிமெண்ட்ஸின் 32.72 விழுக்காடு பங்குகளை வாங்கப்போவதாக அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கட்டுப்பாடு கைமாறியது.

இத்தகைய செய்தி, அறிவிக்கப்படும் வரை ‘வெளியிடப்படாத விலை உணர்திறன் தகவல்’, அதாவது தெரிந்தால் பங்கின் விலையை அசைக்கக்கூடிய தகவல். உள்தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்பதைத் தடுக்கும் செபியின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, உரிய அலுவல் தேவை இல்லாத எவருக்கும் அதைச் சொல்லக் கூடாது. நாற்பது ஆண்டு உழைத்தவர் என்பதற்காக முன்கூட்டி ஒரு போர்மேனிடம் சொன்னால் அது குற்றம். அவரிடம் அந்த நிறுவனத்தின் பங்கு இல்லையென்றாலும்கூட. ஆக, உரிமை மாற்றம், இணைப்பு போன்றவற்றில் ஊழியருக்கு முதலில் சொல்வது இயலாத காரியம். இயல்வது, சந்தைக்கு அறிவிப்பு போன அதே நிமிடம் ஊழியருக்கும் போவது. அதுவும் சந்தைக்கு எழுதிய ஆங்கிலக் கடிதத்தின் நகலாக இல்லாமல், அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதிலாகப் போவது. பங்கின் விலை என்ன என்று அவர் கேட்பதில்லை. பணி மூப்பு தொடருமா, பி.எஃப். கணக்கு என்ன ஆகும், குவார்ட்டர்ஸ் இருக்குமா, பிள்ளைகள் படிக்கும் பள்ளியை யார் நடத்துவார்கள் என்றுதான் கேட்பார். இவற்றுள் சிலவற்றுக்கு அன்றைக்குப் பதில் இருக்காது. பதில் எப்போது கிடைக்கும் என்ற தேதியையாவது சொல்ல முடியும்.

வாய்ப்பூட்டுப் போடுவதன் பயன்

ஊழியர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் நிறுவனத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று சர்க்குலர் விடுவது பலருக்கு எளிய தீர்வாகத் தோன்றுகிறது. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பதை விட்டுவிட்டு, நடைமுறையை மட்டும் பார்த்தாலும், அந்தச் சர்க்குலரே முதலில் படமெடுக்கப்பட்டு வெளியே போகும். ரகசியம் காக்க வேண்டிய விஷயங்கள் உண்மையிலேயே உண்டு. மேற்சொன்ன பங்குச் சந்தைத் தகவல் ஒன்று. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகாரின் விவரங்கள் இன்னொன்று. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு அவற்றை வெளியிடுவதைத் தடுக்கிறது. வாடிக்கையாளரின் சொந்தத் தகவல்களும் இந்தக் கணக்கில் சேரும். இந்தச் சிறிய பட்டியலைக் காரணத்தோடு விளக்கினால் ஊழியர் புரிந்துகொள்வார். எல்லாமே ரகசியம் என்றால் எதுவுமே ரகசியமாகத் தங்காது.

உள்ளே சொல்ல வழி இல்லாதபோதுதான் குறை வெளியே போகிறது. நிறுவனங்கள் சட்டம், 2013-இன் 177-ஆம் பிரிவு, பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெறுபவை, வங்கிகளிடம் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கியவை ஆகியவற்றில், ஊழியர்கள் புகார் சொல்லவும், உரிய சமயங்களில் தணிக்கைக் குழுவின் தலைவரை நேரடியாக அணுகவும் வழிதரும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்குகிறது. பல இடங்களில் அது இணையதளத்தில் ஆங்கில ஆவணமாக இருக்கிறது. ஷிப்ட் முடிந்து வெளியே வருபவரிடம் கேட்டால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

சிறிய நிறுவனத்துக்கு எவ்வளவு போதும்?

அரிசி ஆலைக்கும் ஐம்பது பேர் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கும் தனித் துறை தேவையில்லை. சில ஏற்பாடுகள் போதும்.

1. சிக்கல் நேரத்தில் பேசுபவர் யார் என்று முன்பே தீர்மானித்து, அவரை எல்லாக் கெட்ட செய்திகளும் சேரும் இடத்தில் வைக்க வேண்டும். நன்றாகப் பேசுபவர் என்ற தகுதி இரண்டாவதாக வரட்டும்.
2. தெரிந்தது, தெரியாதது, அடுத்து எப்போது சொல்வோம் என்ற மூன்றையும் கொண்ட ஒரு பக்க அறிவிப்பைத் தமிழில் எழுதி ஆலை வாசலில் ஒட்ட வேண்டும். ‘விசாரித்துக்கொண்டிருக்கிறோம், மாலை ஆறு மணிக்கு மறுபடி சொல்கிறோம்’ என்பது பலவீனமான பதில் ஆகாது, ஆறு மணிக்குச் சொல்லாமல் விட்டால்தான் ஆகும்.
3. மேற்பார்வையாளர்களுக்கு முதலில் விளக்க வேண்டும். தொழிலாளர் நம்புவது முதலாளியின் காணொளியைக் காட்டிலும் தன்னோடு நிற்கும் மேற்பார்வையாளரின் முகத்தை. அவருக்கே தெரியாத செய்தி கீழே நம்பப்படாது.

இந்த மூன்றில் கடினமானது முதலாவது. முதலாளியின் மகனோ மருமகனோ பேசுபவராக இருக்கும் குடும்ப நிறுவனங்களில், அவரிடம் கெட்ட செய்தி சொல்ல யாரும் துணிவதில்லை.

பட்டியலில் இல்லாத சாட்சி

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு பெரிய ஓட்டை மிச்சமிருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளருக்கு நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரி கிடையாது. ஊழியர் செயலியில் அவர் பெயர் இல்லை. ஆண்டு விழா அழைப்பும் வராது. ஆனால் கசிவையோ தீயையோ விபத்தையோ முதலில் காண்பவர் பல நேரங்களில் அவரே. அவர் பார்த்ததைச் சொல்ல இருக்கும் ஒரே வழி ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர். அந்த மேற்பார்வையாளரின் கவலை அடுத்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்பது. நிறுவனங்கள் நடத்தும் ஊழியர் மனநிறைவுக் கணக்கெடுப்புகளில் நிரந்தர ஊழியர்களை மட்டும் கேட்டுவிட்டு, உள்தகவல் தொடர்பு சிறப்பாக இருக்கிறது என்று எழுதிக்கொள்கின்றன.

ஆபத்தான தொழில்களைப் பொறுத்தவரை சட்டம் இந்த ஓட்டையை எப்போதோ கண்டுவிட்டது. போபால் விபத்துக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அபாயகரமான செயல்முறை உள்ள ஆலையின் பொறுப்பாளர், அங்கே உள்ள ஆபத்துகளையும் தடுப்பு வழிகளையும் தொழிலாளர்கள், தலைமை ஆய்வாளர், உள்ளாட்சி அமைப்பு, சுற்றுப்புறப் பொதுமக்கள் ஆகிய அனைவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்றும், நெருக்கடிகாலத் திட்டத்தை வகுத்து அதைத் தொழிலாளருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் அறிவிக்க வேண்டும் என்றும் அது கூறியது. அந்தச் சட்டத்தில் ‘தொழிலாளர்’ என்ற சொல், ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவரையும் உள்ளடக்கியது. அந்தச் சட்டம் அவர்களைப் பிரித்துப் பார்க்கவில்லை. நற்பெயர் ஆலோசகர்கள் தனித்தனித் துறைகளாகப் பிரித்து விற்கும் உள்தகவல் தொடர்பையும் வெளித்தகவல் தொடர்பையும் அது ஒரே பிரிவுக்குள், ஒரே பொறுப்பாளரின் கடமையாக வைத்திருந்தது.